சாகாத சரக்கு

கிளிக்கு இரண்டு நாள் தீனி வைக்க மறந்தால் அது கத்தித் தீர்த்துவிடும். நாய் ஊரைக் கூட்டும். பூனை பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பசியாறிக்கொள்ளும். ஆமை மட்டும் சத்தமே காட்டாமல் கிடக்கும். பட்டினியையும் தாகத்தையும் குளிரையும் வாரக்கணக்கில், சில இனங்கள் மாதக்கணக்கில், தாங்கிக்கொள்ளும் உடல் அதற்கு. வற்றிய குளத்துச் சேற்றுக்குள்ளும் உறைபனி மூடிய மண்ணுக்கடியிலும் காலத்தைத் தள்ளிப் பிழைத்துக்கொள்ள வாய்த்த உடல் அது. வீட்டில் ஆமை வளர்க்கும் பழக்கத்தின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அந்த உடலின் பொறுமையே ஆமைக்கு எமனாக முடிந்தது என்ற எண்ணம் எனக்கு வலுத்துக்கொண்டே வந்திருக்கிறது. வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் வேறு. முன்பெல்லாம் ஆமையை எப்படிப் பேணுவது என்று மக்களுக்குத் தெரியவில்லை, அறியாமையால் அவை செத்தன, இப்போது அறிவியல் வளர்ந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்பார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆமை பிழைத்திருக்க என்ன வேண்டும் என்பதில் பெரும்பகுதி இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி அச்சிடப்பட்டுவிட்டது. அந்த அறிவு இல்லாமலேயே ஆமையை விற்க முடிந்தது என்பதுதான் சிக்கல். கடையில் இருக்கும்வரை ஆமை சாவதில்லை. வாங்கியவர் வீட்டில்தான் சாகிறது. அந்த இடைவெளியில்தான் இந்த வணிகம் முழுவதும் நின்றது, இன்றும் நிற்கிறது.

இதை முதலில் கண்டுகொண்டவர்கள் கப்பல்காரர்கள். கலாபகோஸ் தீவுகளின் பேராமைகளைக் கடற்கொள்ளையரும், பின்னர் திமிங்கில வேட்டைக் கப்பல்களும் கூட்டம் கூட்டமாகத் தூக்கிச் சென்றன. குளிர்பதனம் இல்லாத காலத்தில் நடுக்கடலில் புதிய இறைச்சி கிடைப்பது அரிது. ஆட்டுக்கும் கோழிக்கும் தீனியும் நல்ல தண்ணீரும் வேண்டும். அப்படியும் பாதி வழியிலேயே செத்துவிடும். பேராமையோ கப்பலின் அடித்தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட நிலையில், இரையும் நீரும் இல்லாமல் ஓராண்டு வரைகூட உயிரோடிருக்கும் என்று மாலுமிகள் எழுதிவைத்தார்கள். டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலும் 1835-இல் அங்கிருந்து இறைச்சிக்காக ஆமைகளை ஏற்றிக்கொண்டே புறப்பட்டது. அந்தத் தீவுகளிலிருந்து இவ்வாறு போனவை ஒரு லட்சத்துக்கும் மேல் என்று கணிக்கப்படுகிறது. உணவுக் கதைக்கும் வீட்டு வளர்ப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு நேரடியானது. தீனி கேட்காத, கத்தாத, அடுக்கி வைக்கக்கூடிய உயிர் என்று ஆமையைப் பார்க்கும் கண் அந்த அடித்தளத்தில்தான் உருவானது. பிற்பாடு வளர்ப்பு ஆமை வணிகம் செய்தவர்கள் அதே கண்ணோடுதான் செய்தார்கள்.

ஐரோப்பாவில் வீட்டு ஆமையின் கதை இதற்கு மாறாக, மிக நல்லவிதமாகத் தொடங்கியது. கேன்டர்பரி பேராயர் வில்லியம் லாடிடம் 1633-இல் வந்த ஆமை, அவர் தலை வெட்டப்பட்டு நூறாண்டு கடந்த பிறகும் லாம்பெத் அரண்மனைத் தோட்டத்தில் உலவியது. 1753-இல் ஒரு தோட்டக்காரரின் கவனக்குறைவால் இறந்தது. அதைவிடப் புகழ்பெற்றது திமோத்தி. ஏறத்தாழ 1740-இல் சிசெஸ்டர் நகரில் ஒரு மாலுமியிடம் அரை கிரவுன் கொடுத்து வாங்கப்பட்டதாகச் சொல்லப்படும் இந்த மத்தியதரைக்கடல் தரை ஆமை, சசெக்ஸ் பகுதியின் ரிங்மரில் ரெபெக்கா ஸ்னூக் என்ற அம்மையாரின் தோட்டத்தில் நாற்பது ஆண்டு இருந்தது. 1780-இல் அவர் காலமானதும் அவருடைய அண்ணன் மகன் கில்பர்ட் ஒயிட் அதைக் குளிர்காலத் தூக்கத்திலேயே தோண்டி எடுத்து, மண் நிரப்பிய பெட்டியில் வைத்து, எண்பது மைல் குதிரை வண்டியில் தன் ஊரான செல்போர்னுக்குக் கொண்டுவந்தார். வண்டி குலுங்கிய குலுங்கலில் அது விழித்துக்கொண்டது. ஒயிட் ஒரு பாதிரியார். தன் ஊரின் பறவைகளையும் பூச்சிகளையும் வாழ்நாளெல்லாம் கவனித்து எழுதியவர். அவர் மறைந்து ஓராண்டுக்குள் திமோத்தியும் இறந்தது. அதன் ஓடு இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆண் என்று ஐம்பது ஆண்டுக்கு மேல் நினைத்திருந்த அந்த ஆமை பெண் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஒயிட் என்ன பார்த்தார் என்பதில் சற்று நிற்க வேண்டும். என் வாதத்தின் ஆணிவேரே அதில்தான் இருக்கிறது. நவம்பரில் மண்ணுக்குள் போவதையும் ஏப்ரல் நடுவில் வெளிவருவதையும் அவர் ஆண்டுதோறும் குறித்தார். மழைத்துளிக்கு அது எவ்வளவு அஞ்சியது என்பதைக் கண்டார். பல ஆண்டுகள் நிறுத்துப் பார்த்து எடையைப் பதிந்தார். தனக்கு இரை வைக்கும் அம்மையாரைக் கண்டால் மட்டும் அது அவரை நோக்கித் தத்தித் தத்தி வருவதையும், அயலாரைப் பொருட்படுத்தாததையும் கவனித்தார். எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: இலையுதிர் காலத்தில் வெயில் சாயத் தொடங்கியதும், பழமரங்கள் படர்ந்த சுவரோரம் போய், ஓட்டை ஒருக்களித்துச் சுவரில் சாய்த்து நின்றுகொள்ளும். படுத்தவாக்கில் கிடந்தால் சாய்ந்து வரும் ஒளி ஓட்டின்மேல் வழுக்கிப் போய்விடும். சாய்ந்து நின்றால் அத்தனையும் உடம்பில் விழும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு ஆமை செய்த இந்தக் காரியத்தை அவர் வியந்து எழுதினார். செல்போர்ன் பற்றிய அவருடைய நூல் 1789 என்ற ஆண்டுக் குறிப்போடு வெளிவந்தது. அதன் பிறகு எத்தனையோ பதிப்புகள் கண்டது. ஆங்கிலம் படித்த வீடுகளில் அது இல்லாத வீடு குறைவு. ஆமைக்கு வெயில் வேண்டும், தோண்டுவதற்கு மண் வேண்டும், ஈரத்திலிருந்து ஒதுங்க இடம் வேண்டும், எடையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நான்கும் அதில் இருந்தன. அதற்குப் பின் செத்த லட்சக்கணக்கான ஆமைகள் அறியாமையால் செத்தன என்று சொல்வதற்கு இந்த நூல் இடம் தரவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் தெருக்களில் ஆமை கூவி விற்கப்பட்டது. அந்நகரின் உழைப்பாளிகளைப் பற்றி விரிவாக எழுதிய ஹென்றி மேஹ்யூ, தெருவில் ஆமை விற்பவர்களைத் தனியாகவே குறிப்பிட்டிருக்கிறார். நூற்றாண்டின் இறுதியில் மொராக்கோவிலிருந்து கப்பல் கப்பலாக வரத்து தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டில் அதோடு துருக்கியும் யூகோஸ்லாவியாவும் சேர்ந்தன. 1960களின் நடுவிலிருந்து 1970களின் பிற்பகுதி வரை மட்டும் பிரிட்டனுக்கு வந்த தரை ஆமைகள் பத்து லட்சத்தைத் தாண்டின. பெட்டிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வந்தன. வழியில் தீனியில்லை, தண்ணீரில்லை. வந்து இறங்கியபோது உயிர் இருந்தது, அது போதும் விற்பதற்கு. வாங்கியவர்கள் ஓட்டின் விளிம்பில் துளைபோட்டுக் கயிறு கட்டினார்கள், தோட்டத்தை விட்டு ஓடிவிடக்கூடாது என்று. ஓடு என்பது உயிருள்ள எலும்பு. அதில் இரத்தம் ஓடுகிறது, வலி தெரிகிறது. இங்கிலாந்தின் கோடை சிறியது, வெயிலும் மெல்லியது. மொராக்கோ ஆமை அங்கே உடம்பு சூடேறி, இரை செரித்து, கொழுப்புச் சேர்த்துக்கொள்வதற்குள் இலையுதிர் காலம் வந்துவிடும். பெட்டியில் வைக்கோல் போட்டுத் தூங்கவைப்பார்கள். பெரும்பாலானவை முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. வசந்தத்தில் பெட்டியைத் திறந்தால் உள்ளே செத்துக் கிடக்கும். தூக்கத்திலேயே போய்விட்டது, பாவம், என்பார்கள். இந்த நீளத்துக்கு இவ்வளவு எடை இருந்தால்தான் தூங்கவைக்கலாம் என்று ஆலிஃபன்ட் ஜாக்சன் என்ற கால்நடை மருத்துவர் அளவுக்கோடு வரைந்து கொடுத்தது 1980 வாக்கில்தான். மொராக்கோ ஏற்றுமதியை நிறுத்தியது 1978-இல். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1984-இல் இந்த இனங்களின் வணிக இறக்குமதிக்குத் தடைபோட்டது. எடையைப் பார்த்துப் பேணும் முறை பரவியதும் புதிய ஆமை வரத்து நின்றதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தன. இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஆமை மலிவாகக் கிடைக்கும்வரை, செத்ததற்குப் பதில் இன்னொன்று வாங்குவது மருத்துவரிடம் போவதைவிட எளிது. கிடைக்காமல் போன பிறகுதான் இருப்பதைக் காப்பாற்றும் அக்கறை வந்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பாட்டி காலத்து ஆமை எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது, அறுபது ஆண்டாயிற்று என்று சொல்லும் குடும்பங்கள் இங்கிலாந்தில் இன்றும் ஏராளம். அவர்கள் பொய் சொல்லவில்லை. திமோத்தியே அப்படித்தான் வாழ்ந்தது. ஆனால் பிழைத்தது கண்ணுக்குத் தெரிகிறது, பேர் வைத்துப் பேசப்படுகிறது, பிள்ளைகளுக்குச் சொத்தாகப் போகிறது. செத்தவை தோட்டத்து மூலையில் புதைக்கப்பட்டன, அவற்றுக்குக் கணக்கில்லை. பத்து லட்சத்துக்கு மேல் வந்து இறங்கிய நாட்டில், அவை அனைத்தும் தம் இயல்பான ஆயுளை வாழ்ந்திருந்தால் இன்று தெருவுக்குப் பல ஆமைகள் இருந்திருக்க வேண்டும். பிழைத்தவற்றை வைத்து ஆமை வளர்ப்பது எளிது என்று முடிவுகட்டுவது, போரிலிருந்து திரும்பியவர்களை மட்டும் கேட்டுவிட்டுப் போரில் ஆபத்தில்லை என்று சொல்வதற்கு ஒப்பு. பிழைத்தவற்றின் வாழ்க்கையைப் பாருங்கள்: சுவர் சூழ்ந்த தோட்டம், தோண்ட மண், ஐம்பது ஆண்டு மாறாத கை. அது வாங்கக் கிடைக்கும் பொருளன்று.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் பெரிய அளவு, இன்னும் சிறிய ஆமை. 1930களிலிருந்தே அங்கு ஐந்து சென்ட், பத்து சென்ட் கடைகளில் நன்னீர் ஆமைக் குஞ்சுகள் விற்பனைக்கு வந்துவிட்டன. ஓட்டின்மேல் பூவும் ஊர்ப்பேரும் வண்ணத்தில் எழுதி, சந்தைகளிலும் சுற்றுலா இடங்களிலும் நினைவுப்பொருளாக விற்றார்கள். வளரும் ஓட்டை அந்த வண்ணம் இறுக்கிக் கோணலாக்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லூசியானா மாநிலத்தில் குளங்கள் வெட்டி, தாய் ஆமைகளை விட்டு, முட்டைகளைப் பொறுக்கிப் பொரிக்கவைக்கும் பண்ணைகள் எழுந்தன. கண்ணுக்குப் பின்னால் செந்நிறக் கோடு உள்ள ரெட் இயர்டு ஸ்லைடர் என்ற சிவப்புக்காது ஆமைதான் அவற்றின் சரக்கு. பிறக்கும்போது ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிது. பச்சைப் பசேலென்று இருக்கும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.5 கோடி ஆமைகள் விற்றன. கூடவே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் தருவார்கள். நடுவில் ஒரு மேடு, மேட்டின்மேல் ஒரு பிளாஸ்டிக் தென்னை. ஒரு டப்பா நிறைய உலர்ந்த எறும்பு முட்டையோ ஈயோ. வீடு, தோட்டம், தீனி எல்லாம் அதோடு முடிந்தது.

அந்தக் கிண்ணத்துக்குள் என்ன நடந்தது என்பதை உள்ளபடி சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றும் நம் ஊர் வண்ணமீன் கடையிலிருந்து போகும் குஞ்சுக்கு அதுதான் நடக்கிறது. ஆமை தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. வெயில் காய்ந்து, உடம்பு சூடான பிறகுதான் அதன் வயிறு இரையை நன்றாகச் செரிக்கும். வெயிலின் புறஊதாக் கதிர் தோலில் விழுந்தால்தான் வைட்டமின் டி உண்டாகும். அது உண்டானால்தான் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். சன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஆகவே வரவேற்பறையில், சன்னலோரத்துக் கிண்ணத்தில் இருக்கும் குஞ்சு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்திலேயே வெயில் இல்லாமல் இருக்கிறது. சில வாரத்தில் ஓடு இளகத் தொடங்கும்; விரலால் அழுத்தினால் நனைந்த அட்டைபோல் அமுங்கும். ஒரே உலர் தீனியில் வைட்டமின் ஏ கிடையாது. அதனால் இமைகள் வீங்கிக் கண் மூடிக்கொள்ளும். இந்த ஆமை கண்ணால் பார்த்துத்தான் இரையைக் கொத்தும். கண் திறக்காவிட்டால் தீனி முன்னாலேயே கிடந்தாலும் பட்டினிதான். தூங்குகிறது என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். பிறகு தன் கழிவு கலந்த விரற்கடைத் தண்ணீரிலேயே அது கிடக்கும். பிழைத்து வளர்ந்தாலோ பெண் ஆமை ஒரு அடி நீளம் வரை போகும். இருபது, முப்பது ஆண்டு வாழும். அந்தக் கிண்ணத்தைச் செய்தவர்கள் ஒரு அடி ஆமையை மனத்தில் வைத்துச் செய்யவில்லை. அது வளராது என்ற முடிவோடுதான் கிண்ணத்தின் அளவே தீர்மானிக்கப்பட்டது. கொய்த பூவுக்குக் குவளை எவ்வளவு பொருத்தமோ அவ்வளவுதான் ஆமைக்கு அந்தக் கிண்ணம்.

இத்தனை சாவும் அமெரிக்க அரசை அசைக்கவில்லை. அசைத்தது குழந்தைகளின் வயிற்றுப்போக்கு. சால்மோனெல்லா கிருமி ஆமையின் குடலில் அதற்கு ஒரு தீங்கும் செய்யாமல் குடியிருக்கும். கழிவோடு தண்ணீரில் கலக்கும். வளர்ப்பு ஆமையிலிருந்து மனிதருக்கு அது தொற்றியது 1963-இல் பதிவானது. 1970களின் தொடக்கத்தில் ஆமையால் வந்த சால்மோனெல்லா நோய்கள் ஆண்டுக்கு 2,80,000 என்றும், நாட்டில் வந்த மொத்த சால்மோனெல்லா நோய்களில் அது 14 விழுக்காடு என்றும் கணக்கிட்டார்கள். கிருமியில்லை என்று சான்றிதழ் பெற்று விற்கச் சொன்னார்கள், அது பலிக்கவில்லை. 1975-இல் ஓட்டின் நீளம் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கக்கூடாது என்று உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தடைவிதித்தது. ஏன் 4 அங்குலம்? அதைவிடச் சிறியதைத்தான் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். தடையால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சம் குழந்தைகள் நோயிலிருந்து தப்பினார்கள் என்று மதிப்பிடப்பட்டது. இந்தச் சட்டம் வென்ற சட்டம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் அளவுகோல் குழந்தையின் வாய். ஆமையின் தேவை அதில் எங்கும் இல்லை. அதனால்தான் அதில் ஒரு கதவு திறந்தே விடப்பட்டது: ஏற்றுமதிக்குத் தடையில்லை.

அந்தக் கதவு வழியாகப் பண்ணைகள் உலகத்துக்குப் போயின. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் சீபெலிங் என்ற நுண்ணுயிரியலாளர், முட்டைகளை எதிர்உயிரி மருந்துக் கரைசலில் அமிழ்த்திக் கிருமியைக் குறைக்கும் முறையை உருவாக்கினார். பிற்பாடு அந்த மருந்துக்கே அடங்காத கிருமிகள் ஏற்றுமதியான சரக்கில் கண்டறியப்பட்டன. 1989-லிருந்து 1997 வரை அமெரிக்காவிலிருந்து வெளியேறிய சிவப்புக்காது ஆமைகள் 5.2 கோடி. இடையில் நிஞ்ஜா ஆமைகள் என்ற கேலிச்சித்திரத் தொடரும் 1990-இல் வந்த திரைப்படமும் குழந்தைகளிடையே ஆமைப் பித்தைக் கிளப்பிவிட்டன. இங்கேதான் வரலாறு புரண்டு படுக்கிறது. இவ்வளவு பெருந்தொகையில் போனதில் சிறுபங்கு பிழைத்தாலும் அதுவே பல லட்சம். பிழைத்தவை கிண்ணத்தை மீறி, தொட்டியை மீறி வளர்ந்தன, கடித்தன, நாறின. வளர்த்தவர்கள் பக்கத்துக் குளத்தில் விட்டார்கள். விட்டவர்கள் கொடியவர்கள் இல்லை, கொல்ல மனமில்லாதவர்கள். ஐரோப்பியக் குள ஆமை வெயில் காயும் கட்டைகளை இவை பிடித்துக்கொண்டன; ஒரே குளத்தில் இரண்டையும் விட்டுப் பார்த்த பிரெஞ்சு ஆய்வாளர்கள், உள்ளூர் ஆமை எடை குறைந்து அதிகமாகச் சாவதைக் கண்டார்கள். உலகின் மிக மோசமான நூறு ஊடுருவும் உயிர்களின் பட்டியலில் இந்த இனம் சேர்க்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 1997-இல் சிவப்புக்காதின் இறக்குமதியை நிறுத்தியது. உடனே மஞ்சள் வயிறு கொண்ட அதன் உறவினம் கடைக்கு வந்தது. அந்தச் சந்தையும் அடைபட, முழு இனத்தையும் 2016-இல் தடைப்பட்டியலில் சேர்க்க வேண்டியிருந்தது. செத்தால் ஆமைக்குக் கேடு, பிழைத்தால் குளத்துக்குக் கேடு என்ற இடத்தில் வந்து நின்றது அந்தப் பச்சைக் குஞ்சின் கதை.

ஜப்பான் இதில் மற்றவர்களைவிடத் தெளிவாக யோசித்தது. 2023 ஜூன் 1 முதல் அங்கே சிவப்புக்காது ஆமையை விற்கவும் இறக்குமதி செய்யவும் வெளியில் விடவும் தடை. ஏற்கெனவே வீட்டில் வைத்திருப்பவர்கள் அனுமதிகூட வாங்காமல் வைத்துக்கொள்ளலாம். வளர்ப்பதையும் குற்றமாக்கினால் அத்தனை பேரும் இரவோடிரவாகக் குளத்தில் கொட்டிவிடுவார்கள் என்று அரசு கணித்தது. ஐம்பது ஆண்டுச் சட்டங்களில், வளர்ப்பவரின் மனத்தை அறிந்து எழுதப்பட்ட சட்டம் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பண்ணையில் பொரித்தால் காட்டு ஆமை தப்பிக்கும் என்ற வாதத்தையும் பார்த்துவிடலாம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. மொராக்கோக் காட்டை ஒட்டச் சுரண்டியதைவிடக் குளத்தில் முட்டையெடுப்பது மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் லூசியானாப் பண்ணைகள் தாய் ஆமைகளைக் காட்டுச் சதுப்பிலிருந்துதான் பல ஆண்டுகள் பிடித்து நிரப்பிக்கொண்டிருந்தன. அதைவிடப் பெரிய சிக்கல் விலை. பண்ணை ஆமையை மலிவாக்கியது. மலிவு, சாவைப் பொருட்படுத்தாமல் இருக்கக் கற்றுக்கொடுத்தது. முப்பதாண்டு வாழும் உயிரை ஒரு வேளைச் சிற்றுண்டி விலைக்குக் கொடுத்தால், அதற்கு ஆயிரக்கணக்கில் செலவுசெய்து விளக்கும் வடிகட்டியும் வாங்க எத்தனை பேர் முன்வருவார்கள்?

தமிழ்நாட்டின் பங்குக்கு வருவோம். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று பழமொழி சொன்ன ஊர் இது. கிணற்றில் ஆமை விட்டால் பூச்சி புழு அண்டாது என்று விட்டவர்கள் உண்டு. வீட்டுக்குள் வைத்து வளர்ப்பது நம் வழக்கமாக இருந்ததில்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நம் நாட்டு ஆமைகளைப் பிடிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். ஆனால் தென்னிந்தியாவின் புதர்க்காடுகளிலும் இலங்கையிலும் வாழும் நட்சத்திர ஆமை, ஓட்டின் அழகாலேயே சிக்கிக்கொண்டது. அது வீட்டிலிருந்தால் அதிர்ஷ்டம் என்று தென்கிழக்கு ஆசியாவில் ஒரு நம்பிக்கை. ஆந்திர-கர்நாடக எல்லையில் ஒரே வட்டாரத்தில் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிக்கப்பட்டதாக 2015-இல் வெளிவந்த ஆய்வு கூறியது. 2019-இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேச மாநாடு அதன் வணிகத்தை முற்றிலும் தடைசெய்யும் முதல் பட்டியலுக்கு மாற்றியது. ஆனாலும் கடத்தல் நிற்கவில்லை. கால்களை உள்ளே மடக்கி, ஒட்டும் நாடா சுற்றி, துணிக்கடியில் அடுக்கிப் பெட்டியை மூடுகிறார்கள். கலாபகோஸ் கப்பலின் அடித்தளத்தில் கண்ட அதே கணக்கு: கத்தாது, சில நாளில் சாகாது. சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கும் கோலாலம்பூரும் போகும் பெட்டிகளில் நட்சத்திர ஆமைகள் பிடிபடுகின்றன. அதே ஊர்களிலிருந்து வரும் பெட்டிகளில் சிவப்புக்காதுக் குஞ்சுகள் பிடிபடுகின்றன. நம் மண்ணின் ஆமை வெளியே போகிறது, அமெரிக்கச் சதுப்பின் ஆமை உள்ளே வருகிறது. உள்ளூர் ஆமையை வைத்திருந்தால் சிறை என்பதாலேயே, அயல் ஆமையை வாங்குவது தவறில்லை என்று பலர் நினைக்கிறார்கள். 2018-இல் கேரளத்தில் திருச்சூர் அருகே களத்தோடு பகுதி நீரோடையில் சிவப்புக்காது ஆமை கண்டெடுக்கப்பட்டது. கேரள வன ஆராய்ச்சி நிறுவனம், வீட்டில் வைத்திருப்பவர்கள் குளத்தில் விடாமல் தங்களிடம் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொண்டது. நம் ஏரிகளிலும் கோயில் குளங்களிலும் காராமை போன்ற உள்ளூர் இனங்கள் இருக்கின்றன. ஐரோப்பியக் குளத்துக்கு நேர்ந்தது இங்கே நேராது என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. இது குளிர் நாடும் அல்ல.

கடைசியாக, எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு. அடுக்குமாடியில் வளரும் குழந்தைக்கு வேறு எந்த உயிர் கைக்கு எட்டும்? ஒரு ஆமையைப் பேணிப் பழகும் பிள்ளைதான் நாளைக்குக் காட்டை நேசிக்கும் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது; ஒயிட்டைப் போன்ற ஒருவரை உருவாக்கியதில் திமோத்திக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் கிண்ணத்து ஆமை குழந்தைக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறது? ஒரு மாதம் அசைவு, பிறகு மந்தம், பிறகு மூடிய கண், பிறகு புதிது ஒன்று. உயிர் என்பது மாற்றிக்கொள்ளக் கூடியது என்ற பாடம்தான் அங்கே நடக்கிறது. ஆமையைக் காட்ட வேண்டுமென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1976-இல் தொடங்கப்பட்ட சென்னை முதலைப் பண்ணைக்கு அழைத்துப் போகலாம். அங்கே பல இன ஆமைகள் கட்டையேறி வெயில் காய்வதை மணிக்கணக்கில் பார்க்கலாம். ஊர் ஏரிக்கரையில் காலை பத்து மணிக்குப் பொறுமையாக நின்றாலே பல இடங்களில் பார்த்துவிடலாம். கழுத்தை நீட்டி, பின்கால்களை விரித்து, விரல்களுக்கிடையே உள்ள சவ்வுகூட வெயில் படும்படி அது கிடக்கும் கோலத்தை எந்தக் கிண்ணமும் காட்டாது.

கடையில் ஆமைக் குஞ்சை வாங்காதீர்கள், பரிசாகவும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே சிவப்புக்காது ஆமை வீட்டில் இருந்தால் அதை ஏரியிலோ கோயில் குளத்திலோ கொண்டுபோய் விட வேண்டாம். பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். நீந்தும் ஆழத்துக்குத் தண்ணீரும், ஏறி முற்றிலும் உலர்ந்து நிற்க ஒரு மேடும் வையுங்கள். நாள்தோறும் கண்ணாடி வழியாக இல்லாமல் நேர்வெயில் படட்டும், ஒதுங்க நிழலும் இருக்கட்டும். அதற்கு வழியில்லாத வீட்டில் புறஊதா விளக்கு மாட்டுங்கள். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அதன் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை கையில் கொடுக்காதீர்கள். முடியவில்லை என்றால் வனத்துறையிடமோ ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடமோ கேளுங்கள். நட்சத்திர ஆமை விற்பனைக்கு வந்தால் அழகைப் பார்த்து நிற்காமல் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.